வண்டி வரும் வரை

(அவலாஞ்சியில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசிய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)

 

இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. வழக்கமாக இம்மாதிரிக் கூட்டங்களில் தடுப்பூசி, சத்துணவு, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் வேண்டிய இடைவெளி என்று பேசுவோம். அவையெல்லாம் இன்றும் முக்கியம்தான். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் வேறு. திடீரென்று ஒருவருக்கு அடிபட்டால், ரத்தம் கொட்டினால், மூச்சு நின்றுபோனால், ஆஸ்பத்திரி வண்டி வந்து சேரும் வரைக்கும் நீங்கள் என்ன செய்வீங்க? அதைப் பற்றித்தான்.

"108-க்குப் போன் போடுவோம்" என்று முன்வரிசையில் ஓர் அம்மா சொல்கிறார்கள். சரியான பதில். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கியதிலிருந்து எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஊட்டியிலிருந்து அவலாஞ்சி ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அதுவும் வளைவும் மேடுமான மலைப்பாதை. பனிமூட்டம் இறங்கினால், மரம் விழுந்து கிடந்தால், நடு ரோட்டில் காட்டெருமை நின்றால் இன்னும் தாமதம். பெரிய ரத்தக்குழாய் அறுபட்டவருக்குச் சில நிமிஷங்கள்தான் அவகாசம். இருதயம் நின்றுபோனால் நான்கைந்து நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பித்துவிடும். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த நிமிஷங்களுக்குள் வந்து சேர முடியாது. அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கிற ஆள் நீங்கள்தான்.

இந்த ஊரின் பெயரையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நடந்த ஒரு பெரிய மண்சரிவை வைத்து வெள்ளைக்காரர்கள் இட்ட பெயர் இது. பெயர் வைத்த பிறகும் மலை சும்மா இருக்கவில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைப் பட்டணத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது. ரோடு பல இடங்களில் துண்டுபட்டது. அந்த மாதிரி நாளில் ஒருவருக்கு அடிபட்டால் எந்த வண்டியும் வராது. ஊருக்குள் என்ன மருந்து இருக்கிறதோ, யாருக்கு என்ன தெரியுமோ, அவ்வளவுதான் உதவி.

ஆகவே இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, வீட்டில் ஒரு முதலுதவிப் பெட்டி. இரண்டு, அதை உபயோகிக்கப் பழகிய கை. இரண்டில் எது முந்தி என்று கேட்டால், கைதான் முந்தி என்று நான் சொல்வேன். பழகிய கை இருந்தால் பழைய வேட்டியைக் கிழித்தே ஓர் உயிரைக் காப்பாற்றிவிடலாம். பழகாத வீட்டில் விலையுயர்ந்த பெட்டி இருந்தாலும் அது அலமாரியில் அழகாக உட்கார்ந்திருக்கும்.

பெட்டி என்றதும் ஒரு சம்பவம். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு தோட்டத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். கவாத்துக் கத்தி பட்டு ஓர் அம்மாவின் முன்கையில் ஆழமான வெட்டு. ஆபீஸ் சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டி இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி வைத்திருந்தவர் டவுனுக்குப் போயிருந்தார். பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே என்ன தெரியுமா? பழைய ரசீதுக் கட்டு, ஒரு நூல்கண்டு, காய்ந்துபோன டிஞ்சர் பாட்டில். நல்ல வேளையாக அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் இருந்தவள், தன் தலைத்துண்டை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை கையை எடுக்கவில்லை. அடிபட்ட அம்மா பிழைத்துக்கொண்டார்கள்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். 150 தொழிலாளிக்கு ஒரு பெட்டியாவது வேண்டும். அதில் குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறு எதுவும் வைக்கக்கூடாது. பெட்டிக்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், வேலை நேரத்தில் அவர் எப்போதும் கிடைக்க வேண்டும். இந்த மூன்று விதிகளையும் உங்கள் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலுதவிப் பெட்டியில் ஊசி நூல் வைக்காதீர்கள், ரேஷன் கார்டு வைக்காதீர்கள், பாட்டியின் மூக்குப்பொடி டப்பாவும் வேண்டாம். பூட்டு வேண்டவே வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் என்னென்ன என்று பார்ப்போம். முதலில் பெட்டியே. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். பிஸ்கட் டின் என்றால் துருப்பிடிக்கும். அவலாஞ்சி ஈரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆடி மாதத்தில் அரிசிமூட்டை கூடப் பூசணம் பிடிக்கிற ஊர் இது. பஞ்சும் துணியும் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிளாஸ்திரி பசை விட்டுப் போகும். ஆகையால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, பிறகு டப்பாவில் வையுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். சூட்டிலும் புகையிலும் மருந்து கெட்டுவிடும்.

உள்ளே முக்கியமானது சுத்திகரித்த காஸ் துணி. தனித்தனி உறையில் பெரிதும் சிறிதுமாகப் பத்துப் பன்னிரண்டு. சுருள் கட்டுத் துணி, அகலம் குறைந்ததும் கூடியதுமாக நாலைந்து. பிளாஸ்திரி ஒரு சுருள். மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல். சேஃப்டி பின்கள். கையுறை நாலு ஜோடி. மற்றவர் ரத்தம் நம் கையில் படக்கூடாது, நம் கை அழுக்கு அவர் காயத்தில் படக்கூடாது. ஒரு சோப்புக் கட்டி, ஒரு சின்ன பாட்டில் பொவிடோன் அயோடின் மருந்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ்., நாலு. பாரசிட்டமால் மாத்திரை. பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்க அளவு எவ்வளவு என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை காய்ச்சலில் அனத்தும்போது கணக்குப் போட வராது.

இனி முக்கோணக் கட்டுத் துணி. இதைக் கடையில் தேட வேண்டாம். ஒரு மீட்டர் சதுரமான பருத்தித் துணியைக் குறுக்காக வெட்டினால் இரண்டு கிடைக்கும். துவைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டு மடித்துவையுங்கள். உடைந்த கையைத் தொங்கவிட, தலைக்காயத்தைக் கட்ட, மட்டையை இறுக்க, மடித்து அழுத்தத் துணியாக வைக்க, எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும். ஜெர்மனியில் எஸ்மார்க் என்ற ராணுவ டாக்டர், எப்படிக் கட்டுவது என்ற படங்களை அந்தத் துணியிலேயே அச்சடித்துச் சிப்பாய்களிடம் கொடுத்தார். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துக் கட்டலாம் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. அதே காலத்தில், 1877-இல், இங்கிலாந்தில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கிச் சுரங்கத் தொழிலாளிக்கும் ரயில்வேக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது. டாக்டர் வந்து சேர நேரமாகும் இடங்களுக்காகப் பிறந்த கல்வி இது. நமக்காகவே பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியோடு ஒரு டார்ச் லைட், ஒரு கம்பளி, ஒரு விசில், ஒரு பென்சில், சின்ன நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் போன் நம்பர்கள்: 108, ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதாரச் செவிலியர், ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர். நம்பரைக் கைபேசிக்குள் மட்டும் வைத்தால், பாட்டரி தீர்ந்தால் நம்பரும் போச்சு. அடுத்த பக்கத்தில் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதுங்கள். மூன்றாவது பக்கத்தை அடிபட்ட நேரத்துக்காகக் காலியாக விடுங்கள். எப்போது அடிபட்டது, என்ன கொடுத்தோம் என்று அப்போதைக்கப்போது குறித்து ஆஸ்பத்திரியில் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சில பொருள்களை வெளியே எடுத்துவிடுங்கள். போன வருஷம் யாருக்கோ கொடுத்து மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரை, பேர் தெரியாத களிம்பு, பாம்புக்கடிக்குக் கீறுவதற்கென்று வைத்த பிளேடு. பாம்பு கடித்த இடத்தைக் கீறவும் கூடாது, வாயால் உறிஞ்சவும் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் மட்டை வைத்து, ஆளை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த உயரத்தில் பாம்பு குறைவு. ஆனால் கெத்தை, முள்ளி பக்கம் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதற்காகச் சொன்னேன்.

வருஷத்துக்கு இரண்டு தடவை பெட்டியைத் திறந்து தேதி பாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு தடவை. மே மாதக் கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன்னால், இன்னொரு தடவை.

சரி, பெட்டி ஆச்சு. இனிக் கை.

ரத்தம் கொட்டினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அழுத்துவது. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக, இடைவிடாமல் பத்து நிமிஷம் அழுத்துங்கள். "நின்னுச்சா, நின்னுச்சா" என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து மறுபடியும் கொட்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

தீப்புண்ணுக்குத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் மெதுவாக ஓட விடுங்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. நம் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். வெந்நீர் கொட்டிய குழந்தையை முழுக்க நனைத்துவிட்டால் உடம்பு சில்லிட்டுப் போகும். சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்புக்குக் கம்பளி. மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசையும் இங்க்கும் தோசைமாவும் பூசிக்கொண்டு வருகிறவர்களின் புண்ணைக் கழுவுவதே டாக்டருக்குப் பெரிய வேலையாகப் போய்விடுகிறது.

மழையில் நனைந்து, ஏரி ஓரத்திலோ தோட்டத்திலோ நடுங்கிக்கொண்டிருப்பவரை லேசாக நினைக்க வேண்டாம். நடுக்கம் இருக்கும் வரை பயமில்லை. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் தூக்கமாக வந்தால் அது ஆபத்து. ஈரத்துணி எல்லாவற்றையும் களைந்து, உலர்ந்த கம்பளியில் தலை உட்படச் சுற்றுங்கள். நினைவு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுக்கலாம். "ஒரு பெக் உள்ளே போனா சூடு வந்துரும்" என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. சாராயம் உடம்பின் சூட்டை வெளியேதான் அனுப்பும். கை காலைப் பரபரவென்று தேய்க்கவும் வேண்டாம்.

குளிர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் இங்கே வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கே இறங்குகிறது. கதவு ஜன்னலைச் சாத்தி, கரி நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இப்படி இறந்தவர்களைப் பற்றி நம் மாவட்டத்திலேயே செய்தி வந்ததுண்டு. காலையில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் என்றால், முதல் வேலை கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவருவது. இதற்குப் பெட்டியில் மருந்து கிடையாது. படுக்கும் முன் சட்டியை வெளியே வைப்பதுதான் மருந்து.

உருளைக்கிழங்கு, கேரட் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது மயக்கம், வாந்தி, வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது இதெல்லாம் கண்டால் உடனே தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுவந்து, சட்டையைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். விஷத்தைக் குடித்தவராக இருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மருந்து டப்பாவைத் தூக்கி எறியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். லேபிளைப் பார்த்தால்தான் மாற்று மருந்து முடிவாகும்.

காட்டெருமை முட்டியவரைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் அதை உள்ளே தள்ளாதீர்கள். நனைத்த சுத்தமான துணியால் மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து லேசாகக் கட்டுங்கள். தாகம் என்று கேட்டாலும் தண்ணீர் வேண்டாம், உதட்டை நனைக்கலாம். கழுத்து, முதுகில் அடி என்று சந்தேகம் வந்தால், கையை ஒருவரும் காலை ஒருவருமாகப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. இரண்டு கம்பும் ஒரு கம்பளியும் வைத்துப் படுக்கை செய்வது எப்படி, நான்கு பேர் ஒரே சொல்லுக்கு ஒன்றாகத் தூக்குவது எப்படி என்பதையெல்லாம் பேசிப் புரியவைக்க முடியாது. பயிற்சியில் செய்துதான் பார்க்க வேண்டும்.

நாய், குரங்கு கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே தடுப்பூசிக்கு வாருங்கள். நாய்க்கடிக்கென்றே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அந்த மருந்து நம் மாவட்டத்திலேயே தயாரானது. இப்போது அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். அப்படியிருந்தும் பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் யாரை நோவது?

வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டியை வைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கல்லையும் சாமானையும் நகர்த்துங்கள். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவ்வளவுதான்.

ஒருவர் சாய்ந்து விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சில்லை என்றால் இருதயம் நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். கெட்டியான தரையில் மல்லாத்திப் போட்டு, மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு மேலே எழும்ப விட வேண்டும். கேட்கும்போது சுலபமாக இருக்கிறது இல்லையா? இரண்டு நிமிஷம் செய்து பாருங்கள், இந்தக் குளிரிலும் வேர்த்துவிடும். அதனால்தான் ஒரு ஊருக்கு ஒருவர் பழகியிருந்தால் போதாது என்கிறேன். ஒருவர் களைத்தால் அடுத்தவர் வர வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் நேரத்தைக் கொல்லும் வேலை.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் முதலுதவி என்பது தேதியைக் கணக்குப் பார்ப்பதுதான். பிரசவத் தேதி ஆனி, ஆடி, ஆவணியில் விழுந்தால் வலி எடுக்கும் வரை இங்கே காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்க அறை உண்டு. செவிலியரிடம் கேளுங்கள். மாமியார்மார்கள் இதற்குத் தடை சொல்லக் கூடாது. வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால், தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். குழந்தையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து இருவரையும் கம்பளியால் மூடுங்கள். இந்தக் குளிரில் பச்சைக் குழந்தைக்கு அதுதான் முதல் மருந்து.

108-ஐக் கூப்பிடும்போது ஒரு விஷயம். போனை எடுக்கும் பிள்ளை சென்னையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு உங்கள் ஹட்டியும் தெரியாது, லைனும் தெரியாது. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் முன் நீங்கள் போனை வைக்காதீர்கள். எங்கே சிக்னல் கிடைக்கும் என்று இப்போதே பார்த்துவையுங்கள். ஒருவர் போனோடு அந்த மேட்டில் நிற்கட்டும், இன்னொருவர் டார்ச்சோடு ரோட்டு முனைக்குப் போகட்டும்.

"தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸ்னு அலைய வைப்பாங்களே" என்று பின்னால் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். நியாயமான பயம்தான். ஆனால் 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் விபத்தில் உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டன. பேரைச் சொல்ல வேண்டும் என்று கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைப்பதற்காகவே வந்தது. ஊட்டியிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முன்மாதிரி எல்லாவற்றுக்கும் கோயமுத்தூருக்கு இறங்க வேண்டியதில்லை.

இனிப் பயிற்சி. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுக்கின்றன. தீயணைப்புத் துறையினர் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள். பேரிடர் காலத் தொண்டர்களுக்காக 2016-இல் மத்திய அரசு தொடங்கிய ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி 12 நாள். அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்கள் ஒரு நாள் வகுப்புக்காவது வாருங்கள். பொம்மையின் மார்பை நீங்களே அழுத்தாமல், கட்டை நீங்களே கட்டாமல் முடியும் வகுப்பு பயிற்சியே அல்ல. அப்படிப்பட்ட வகுப்பில் மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் "நாங்க செஞ்சு பார்க்கணும்" என்று கேளுங்கள். கற்றது ஒரு வருஷத்தில் மறக்க ஆரம்பித்துவிடும். ஆகவே வருஷம் ஒரு தடவை மறுபடியும் வர வேண்டும்.

யார் வர வேண்டும் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஊர்த் தலைவரும் வாலிபர் சங்கத் தம்பிகளும் எப்படியும் பேர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பகல் பத்து மணிக்கு ஊருக்குள் இருப்பவர்கள் யார்? பால்வாடி ஆயா, பெட்டிக்கடை அக்கா, சமையல்கார அம்மா, வேலைக்குப் போகாத பாட்டி. அவர்கள் வர வேண்டும். தோட்டத்தில் பக்கத்து வரிசையில் நிற்கும் பெண்கள் வர வேண்டும். ஜீப் டிரைவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். ஒவ்வொரு ஹட்டிக்கும் லைனுக்கும் குறைந்தது நாலு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள் என்று பேர் எழுதிக் கொடுங்கள்.

செவிலியரம்மா மேஜை மேல் நோட்டை வைத்திருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்தால் இங்கேயே வகுப்பு வைக்க ஏற்பாடு செய்யலாம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய பருத்தி வேட்டி, நன்றாகத் துவைத்தது, ஒரு கம்பளி, குடைக்கம்பு நீளத்தில் இரண்டு குச்சி கொண்டுவாருங்கள். தரையில் மண்டியிட வேண்டியிருக்கும், அதற்குத் தகுந்த உடுப்போடு வாருங்கள். கைக்குழந்தைக்காரர்கள் குழந்தையோடு வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். டீ உண்டு.